கோமாரியும் கைமருந்தும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

சங்கத்தின் கணக்கைப் பார்க்கச் செல்பவனுக்குக் கால்நடை வைத்தியத்தில் என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் கடன் பேரேட்டைப் புரட்டுகிறவன், தவணை தவறிய ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு காரணம் நிற்பதைக் காண்கிறான். மழை பொய்த்தது ஒரு காரணம். நூல் விலை ஏறியது ஒரு காரணம். மஞ்சள் விலை இறங்கியது ஒரு காரணம். சங்ககிரி வட்டாரத்துப் பேரேடுகளில் இவற்றோடு சேர்த்து எழுதத்தக்க மற்றொரு காரணம் உண்டு. அது கறவை மாட்டுக்கு வரும் கோமாரி.

நம் பகுதியில் நெசவாளர் வீட்டிலும் ஒரு மாடு நிற்கும். குடியானவர் வீட்டிலும் தறிச் சத்தம் கேட்கும். தறிக்கு வேலையில்லாத நாளில் அடுப்பெரிவது பால் காசினால்தான். ஆகவே மாட்டுக்கு வரும் நோய் மாட்டோடு நிற்பதில்லை. அது குடும்பத்தின் கைக்கும் வாய்க்கும் வருகிறது. அங்கிருந்து சங்கத்தின் பேரேட்டுக்கும் வந்து சேர்கிறது.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டா. அறுபது வயதை நெருங்கும் நெசவாளி ஒருவர், சங்கக் கடனில் ஒரு கலப்பினப் பசு வாங்கியிருந்தார். காலையும் மாலையும் சேர்த்து எட்டு லிட்டர் பால் கறந்த பசு. ஐந்து தவணைகளை நாள் தவறாமல் கட்டிய அவர், ஆறாவது தவணையையும் ஏழாவது தவணையையும் கட்டவில்லை. காரணம் கேட்கச் சென்றேன். கொட்டிலில் பசு மூச்சிரைத்து நின்றது. அதன் அருகே கன்று கட்டும் முளைக்குச்சி மட்டும் இருந்தது, கன்று இல்லை.

ஊரில் கோமாரி வந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. கைமருந்தை முறைப்படி அரைத்து, நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு தேங்காய் வீதம் ஐந்து நாள் கொடுத்திருக்கிறார். பதினைந்து தேங்காயும் கடைக் கடன். இரவெல்லாம் அம்மையார் மாட்டின் அருகிலேயே அமர்ந்து, வாயைக் கழுவி, மருந்தைத் தடவி, கஞ்சி புகட்டியிருக்கிறார். பசு பிழைத்தது. ஆனால் பிறந்து ஒரு மாதமே ஆன கன்று, நான்காம் நாள் காலை மடியில் வாய் வைத்தபடியே சாய்ந்து மாண்டது. அதன் வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லையாம்.

“தாய்க்குக் கேட்ட மருந்து கன்றுக்கு ஏனுங்க கேக்கலை?” என்று அம்மையார் என்னிடம் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தவணைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பின்னர்க் கால்நடை மருத்துவர்களைக் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் நான் அறிந்ததை உறுப்பினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோமாரி வைரஸ் என்னும் நச்சுக்கிருமியால் வருவது. விலங்குகளின் நோய்களுள் இவ்வகைக் கிருமியால் விளைவது என்று உலகில் முதன்முதல் அறியப்பட்டது இந்நோயே. 1898-இல் ஜெர்மனியில் லோஃப்ளர், ஃப்ராஷ் என்னும் இருவர் இதனைக் கண்டனர். கடுங்காய்ச்சல், நூல் நூலாக ஒழுகும் எச்சில், நாக்கிலும் ஈறிலும் கொப்புளம், குளம்பின் பிளவில் புண் ஆகியவை இதன் அடையாளங்கள் என்பதை நம்மவர் அறிவர். பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை இந்நோயினால் இறப்பதில்லை. இரண்டு மூன்று வாரங்களில், நல்ல கவனிப்பு இருந்தால், தாமே தேறிவிடுகின்றன. இறப்பவை பெரும்பாலும் இளங்கன்றுகளே. கன்றின் உடலில் இக்கிருமி இதயத்தின் தசையையே தாக்குகிறது. அதனால்தான் கொப்புளம் தோன்றும் முன்னரே கன்று திடீரென்று விழுகிறது.

இப்போது அம்மையாரின் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கிறது. தாய்க்கு மருந்து கேட்டது என்று நாம் எண்ணுவதில் ஒரு பகுதி, மருந்து இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியது. தானே தீரும் நோய்க்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்த மருந்தே தீர்த்ததாகத் தோன்றும். நூறு மாட்டுக்குக் கொடுத்துத் தொண்ணூறு பிழைத்தன என்று ஒருவர் சொன்னால், கொடுக்காத நூறில் எத்தனை பிழைத்தன என்று கேட்பதே கணக்கறிந்தவர் வழக்கம். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கை எந்தச் சங்கமும் ஏற்றுக்கொள்வதில்லை. மருந்தின் கணக்கிலும் அவ்விதியே செல்ல வேண்டும்.

இதைப் படித்ததும், ஆய்வாளர் கைமருந்தை இகழ்கிறார் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டா. இகழ்ச்சிக்கு இடமே இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி, தஞ்சாவூரில் மரபுவழி மூலிகை மருத்துவத்தைத் திரட்டி முறைப்படுத்துவதில் பல்லாண்டு உழைத்தவர். தேசியப் பால்வள வாரியமும், எதிருயிரி மருந்துகளின் தேவையைக் குறைக்கும் நோக்கத்துடன், இம்முறைகளைப் பால் உற்பத்தியாளரிடையே பரப்பி வருகிறது. கோமாரிக்கு அவர்கள் கூறும் வாய் மருந்து இது: சீரகம், வெந்தயம், மிளகு ஆகியவற்றில் தலைக்குப் பத்துக் கிராம் எடுத்து இருபது முப்பது நிமிடம் ஊறவைத்து, மஞ்சள் தூள் பத்துக் கிராமும் பூண்டு நான்கு பல்லும் சேர்த்து அரைத்து, ஒரு தேங்காயின் துருவலும் நூற்றிருபது கிராம் வெல்லமும் கலந்து, வாய், நாக்கு, மேலண்ணம் எங்கும் மெதுவாகத் தடவ வேண்டும். இது ஒரு வேளைக்குரிய அளவு. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகவே செய்ய வேண்டும். நாளைக்கு மூன்று வேளை, மூன்று முதல் ஐந்து நாள். காற்புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ காய்ச்சி ஆற்றி, புண்ணைக் கழுவிய பின் இடுவர்.

இம்மருந்து செய்யும் நன்மை கண்ணுக்குத் தெரிவது. புண்ணான வாயோடு தீனி எடுக்க முடியாத மாட்டுக்கு வெல்லமும் தேங்காயும் உணவாகின்றன. நாக்கின் மேல் படியும் பூச்சு எரிச்சலைத் தணிக்கிறது. மஞ்சளும் வேம்பும் புண்ணில் வேறு கிருமிகள் குடிபுகுவதைத் தடுக்கத் துணை செய்கின்றன. புழு வைப்பதும் குறைகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, நாளைக்கு மூன்று முறை மாட்டின் வாயைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை அது உண்டாக்குகிறது. அந்நெசவாளியின் பசு பிழைத்ததில் அம்மையாரின் கண்விழிப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. இதைக் கண்டு நகைக்கும் படித்தவர் எவரேனும் இருந்தால், அவர் ஓரிரவு அந்தக் கொட்டிலில் அமர்ந்து பார்க்கட்டும்.

ஆனால் புண்ணை ஆற்றுவது வேறு. உடலுக்குள் பெருகும் வைரஸைக் கொல்வது வேறு. முன்னதைச் செய்வதனாலேயே பின்னதையும் செய்கிறது என்று கூறுவது, ஊடை நூல் நன்றாக இருப்பதனால் பாவும் நன்றாகத்தான் இருக்கும் என்று கூறுவது போன்றது.

செடிகளில் வைரஸை எதிர்க்கும் பொருள்கள் உண்டா எனில், உண்டு. 2022-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள், நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்டிரோகிராபோலைடு என்னும் பொருள், கோமாரிக் கிருமி பெருகுவதற்கு வேண்டிய ஒரு நொதியைத் தடுப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டு வெளியிட்டனர். மகிழத்தக்க செய்தி. நம் வரப்போரத்திலேயே வளரும் செடியல்லவா? ஆயினும் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களில் நிகழ்ந்தது மாட்டின் உடலில் நிகழ்ந்துவிட்டதாகப் பொருள் கொள்ளக் கூடாது. கிண்ணத்தில் மருந்து நேரே கிருமியின் மேல் விழுகிறது. மாட்டிலோ, அது முதலில் பெருவயிற்றுக்குள் செல்கிறது. நூறு லிட்டர் அளவுக்குக் கொள்ளும் அந்த வயிறு ஒரு பெரிய ஊறற்பானை. அங்கு வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வைக்கோலையே சிதைத்து உணவாக்குகின்றன. அவை மருந்துச் சத்தை மட்டும் விட்டுவைக்கும் என்று நம்புவதற்கில்லை. எஞ்சியது குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலந்து, கிருமி இருக்கும் இடத்தை வேண்டிய அளவில் சென்றடைய வேண்டும். அப்போதுதான் அது வைரஸ் மருந்து என்னும் பெயருக்கு உரியதாகும்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதன் சத்தாகிய குர்க்குமின் உடலில் எளிதில் சேர்வதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மிளகின் சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது மனிதருடைய இரத்தத்தில் அது இருபது மடங்கு கூடுதலாகச் சேர்ந்தது என்று கண்டனர். மஞ்சளோடு மிளகைச் சேர்த்த பாட்டியின் கை தவறான கை அன்று என்பதற்கு இது சான்று. ஆனால் அது மனித வயிறு; இது அசைபோடும் மாட்டின் வயிறு. ஒன்றில் கண்டதை மற்றொன்றிலும் சோதித்த பின்னரே சொல்ல வேண்டும்.

சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மஞ்சட்காமாலைக்கு நம்மவர் கொடுக்கும் கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜனும் அவருடன் உழைத்தவர்களும் ஆராய்ந்தனர். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ப்ளூம்பெர்க்கும் அதில் பங்கு கொண்டார். கல்லீரல் அழற்சி பி என்னும் வைரஸை உடலில் தாங்கியிருந்தவர்களுள் 37 பேருக்குக் கீழாநெல்லித் தூளும், 23 பேருக்கு மருந்தில்லாத வெறுந்தூளும் முப்பது நாள் கொடுத்தனர். மருந்துண்டவர்களில் 22 பேரிடம் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறுந்தூள் உண்டவர்களில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. 1988-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர்த் தாய்லாந்து முதலிய நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அப்பலன் கிட்டவில்லை. செடியின் வகை வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்ற கேள்விகள் எழுந்தன. இதனால் கீழாநெல்லிக்கு இழுக்கு ஒன்றுமில்லை. மருந்து கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் சேர்த்து எண்ணியதும், பிறரும் செய்து பார்க்கும்படி முறையை வெளியிட்டதுமே அவ்வாய்வின் பெருமை. கோமாரிக் கைமருந்தும் இத்தகைய தேர்வுக்கு உட்பட வேண்டும் என்பதே நான் விரும்புவது.

தேர்வு முடியும் வரை என்ன செய்வது? இங்குதான் அம்மையார் கேள்வியின் மறுபாதி வருகிறது. பசு ஐந்து மாதச் சினையாக இருந்தபோது அவ்வூருக்குத் தடுப்பூசி முகாம் வந்திருக்கிறது. அன்று பாவு பிணைக்க ஆள் வந்திருந்ததால் மாட்டை ஓட்டிச் செல்ல அவகாசமில்லை. ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று பக்கத்து வீட்டார் வேறு சொன்னாராம். “நோய் வந்தாத்தான் நம்ம கைமருந்து இருக்குதுங்களே” என்று பெரியவரும் இருந்துவிட்டார். தடுப்பூசி போட்ட தாய், தன் உடலில் உண்டாகும் எதிர்ப்பாற்றலைச் சீம்பாலின் வழியே கன்றுக்குக் கொடுக்கிறது. நான்கு மாதம் ஆகும் வரை கன்றுக்கு ஊசி போடுவதில்லை. அதுவரை அதற்குக் கவசம் தாயின் சீம்பால்தான். அந்தக் கன்று குடித்த சீம்பாலில் அக்கவசம் இல்லை. நோய் வந்தபின் அரைத்த மருந்தினால், ஆறு மாதத்திற்கு முன் விட்டதைப் பிடிக்க இயலவில்லை.

கைமருந்தின் மீது குற்றமில்லை. கைமருந்து இருக்கிறது என்ற தைரியத்தில் தடுப்பூசியைத் தவறவிட்டதே குற்றம். எனக்குத் தெரிந்தவரை, மூலிகை முறையைப் பரப்பும் அறிஞர்கள் தடுப்பூசி வேண்டா என்று கூறுவதில்லை. அப்படிக் கூறுவோர் சந்தையிலும் திண்ணையிலும் இருக்கும் நம்மில் சிலரே.

ஊசி போட்ட மாட்டுக்கும் நோய் வருகிறதே என்று கேட்பார்கள். வருவதுண்டு. நம் நாட்டில் இக்கிருமி ஓ, ஏ, ஆசியா-1 என மூன்று வகையாக உலவுகிறது. ஊசியின் பாதுகாப்பும் ஏறத்தாழ ஆறு மாதமே நிற்கிறது. குளிர்ப்பெட்டியில் இரண்டு முதல் எட்டுப் பாகை வெப்பத்துக்குள் வைக்காத மருந்து வலுவிழக்கும். கன்றுக்கு முதல் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துப் போட வேண்டிய மறு ஊசியை விட்டவர்களும் உண்டு. இவையெல்லாம் ஊசியைச் செம்மையாகப் போடுவதற்குரிய காரணங்களாகும். அதனை விட்டுவிடுவதற்குரிய காரணங்கள் ஆகமாட்டா. ஊசி போட்ட ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம். பிறகு பழைய அளவுக்கு வந்துவிடும். நோய் வந்தாலோ அக்கறவை முழுதும் போவதுண்டு. தேறிய மாடும் வெயில் தாங்காமல் இரைப்பதும், சினை பிடிக்காமல் நிற்பதும் நாம் கண்டவையே.

வெக்கை நோயை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கொட்டில்களைக் காலி செய்த கொள்ளை நோய் அது. அதற்கும் நம் முன்னோர் மூலிகை கொடுத்தனர். தெய்வத்திற்குப் பொங்கலும் வைத்தனர். முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பார் 1920-களில் ஆட்டின் உடலில் வளர்த்து வலுக்குறைத்த கிருமியைக் கொண்டு தடுப்பூசி செய்தார். 1954-இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2006-இல் இந்தியா அந்நோய் நீங்கிய நாடென ஏற்கப்பட்டது. 2011-இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்றைய இளைஞர் அந்நோயைக் கண்டதில்லை. கோமாரியையும் அவ்வாறு ஒழிக்கும் நோக்கத்துடன் 2019 செப்டம்பரில் தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஊசி. உடையவருக்குக் காசு செலவில்லை. காதில் பன்னிரண்டு இலக்க எண்ணுள்ள பட்டையும் அணிவிக்கப்படுகிறது.

இனி நம் சங்கங்கள் செய்யத்தக்கவை எவை?

முதலாவது, கறவை மாட்டுக் கடன் கொடுக்கும் சங்கங்கள், கடன் பேரேட்டில் மாட்டின் காதுப்பட்டை எண்ணையும் ஊசி போட்ட தேதியையும் ஒரு பத்தியில் எழுதி வரலாம். முகாம் நாளை ஒரு வாரம் முன்னதாகவே உறுப்பினருக்கு அறிவித்து, நெசவாளர் சங்கமாயின் அன்று நூல் வழங்குவதையும் சேலை வாங்குவதையும் வேறு நாளுக்கு மாற்றலாம். ஒரு பகல் தறி நிற்பதைப் பற்றி அஞ்சி ஒரு கறவையை இழப்பது சிக்கனமாகாது. நிறைசினை மாடாயின் மருத்துவரிடம் கூறி அவர் சொற்படி செய்யலாம்.

இரண்டாவது, நோய் வந்த ஊரில் கொட்டிலையும் பால் பாத்திரத்தையும் கழுவச் சலவைச் சோடாவைச் சங்கமே வாங்கி வைக்கலாம். நூறு லிட்டர் தண்ணீருக்கு நான்கு கிலோ. கோமாரிக் கிருமி காரத்தைத் தாங்குவதில்லை. சாயப்பட்டறைக்காரர் நன்கறிந்த சரக்குதான் இது. அங்கேயே இருக்கும் காஸ்டிக் சோடாவை மட்டும் தவறி எடுத்துவிடக் கூடாது; அது தோலைப் பொசுக்கும். நோய் கண்ட மாட்டைக் கொங்கணாபுரம் சந்தைக்கோ, ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தைக்கோ ஓட்டிச் சென்று கைமாற்றிவிடுவது அயலார் வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் அதனைச் செய்யலாகாது.

மூன்றாவது, கைமருந்துக்கும் உரிய இடத்தைக் கொடுப்போம். சங்கக் கட்டடத்தைச் சுற்றிக் கிடக்கும் நிலத்தில் குப்பைமேனி, துளசி, நிலவேம்பு, மருதாணி, வெற்றிலை ஆகியவற்றை வளர்க்கலாம். 2022-இல் வடமாநிலங்களில் பெருந்தொகையான மாடுகளை மாய்த்த தோல் கழலை நோய்க்கும், வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் கலந்த மருந்து பரிந்துரைக்கப்பட்டது. நோய் வந்த இரவில் செடி தேடி அலைவதைவிட முன்கூட்டி வளர்த்து வைப்பது நன்று.

நான்காவது, கணக்கு எழுதுவோம். நமக்குக் கைவந்த கலை அதுதான். கோமாரி வந்தால், எந்த மாட்டுக்கு ஊசி போட்டிருந்தது, எதற்குப் போடவில்லை, எதற்குக் கைமருந்து கொடுத்தோம், எத்தனையாம் நாள் தீனி எடுத்தது, எத்தனை கன்று இறந்தது என்று நல்லதையும் கெட்டதையும் ஒளிக்காமல் ஒரு நோட்டில் எழுதி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி வைப்போம். நம் நோட்டு ஒன்றே ஆராய்ச்சியாகிவிடாது. ஆனால் ஆராய்ச்சியாளர் எதை ஆராய வேண்டும் என்பதை அது காட்டும். பாட்டி கொடுத்த மருந்தைப் போற்றுவோர் அதற்குச் செய்யத்தக்க மரியாதை, அதனைத் தேர்வில் நிறுத்துவதே ஆகும்.

அந்நெசவாளியின் தவணைக்குச் சங்கம் அவகாசம் கொடுத்திருக்கிறது. பசு மறுபடி சினை பிடித்தால் அடுத்த ஆண்டு அந்த முளைக்குச்சியில் ஒரு கன்று நிற்கும். சென்ற மாதம் அவ்வழியே சென்றபோது அம்மையாரின் கேள்விக்கு நான் அறிந்த விடையைக் கூறினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அடுத்த ஊசி என்னிக்குங்க?” என்று கேட்டார். அத்தேதியைத் தெரிந்து சொல்வது இனி நம் சங்கங்களின் பொறுப்பு.